இருபத்தெட்டாம் நாளின் தாகம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில்தான் அது தொடங்கியது. யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் தடத்தில் கரிவாயு பஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கட்டியிருந்த கரியடுப்பின் புகை உள்ளே வந்தபடி இருக்கும். என் மனைவி சவரியம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். பதினோரு வருட இல்லறத்தில், நாலு பேர் முன்னால் அவள் என் மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

"தல கனக்குதுங்க," என்றாள்.

"கரிப்புகைதான். எறங்கினா சரியாப் போயிடும்," என்றேன்.

1946-ஆம் வருடம், நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. கல்லறைத் திருநாளுக்காக ரஞ்சன்குடிப் பக்கம் அவள் பிறந்த ஊருக்குப் போய், அவள் தகப்பனார் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றைய நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பஸ் கிளம்பிய நேரம், கரி போட நின்ற இரண்டு இடங்கள், அரியலூர் வந்து சேர்ந்த நேரம், மாலையில் பெய்த தூறல், எல்லாம் இருக்கிறது. அவளுக்குத் தலை கனத்தது இல்லை.

அடுத்த ஐந்து நாட்களிலும் இல்லை. அவள் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்ததும், துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நாட்குறிப்பில் ஒரு ஞானஸ்நானமும், பள்ளிக்கூடக் கூரைக்கு ஓலை வந்ததும்தான் இருக்கின்றன. நவம்பர் 11, திங்கட்கிழமை, முதல்முறையாக அவள் பெயர் வருகிறது: "சவரிக்குக் காய்ச்சல். படுத்துவிட்டாள்."

நான் அதை முதல் நாள் என்று எண்ணத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பிழையைப் பற்றியது.

வீட்டில் நீண்ட காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு, மருந்தையும் பக்தியையும் ஒருசேரக் காப்பாற்றப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்போது உபதேசியார். சாமியார் இல்லாத நாட்களில் கோவிலில் செபம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞான உபதேசமும் எழுத்தும் படிப்பிப்பது என் வேலை. எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே ஏழு மைல். கரிசல் பூமி, மழைக்காலத்தில் வண்டிச்சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். பங்குச் சாமியார் வேறு ஊரில் இருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறும், பெருநாட்களிலும் மாட்டுவண்டியில் வந்து பூசை வைப்பார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டில் என் அக்கா ரோசம்மாள், கணவனை இழந்தவள், தனியாக இருந்தாள். காய்ச்சல் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

ஒரு வாரம் கழிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் நூற்றொன்று, மாலையில் நூற்றுமூன்று. அரியலூரிலிருந்து டாக்டரை வண்டி வைத்து அழைத்து வந்தேன். எல்.எம்.பி. படித்தவர், அதிகம் பேசமாட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நடுவில் வெள்ளையாகப் படிந்து, ஓரம் சிவந்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இரத்தம் எடுத்துத் திருச்சிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதில் வருமுன்பே, "டைபாயிடுதான்," என்றார். (குடலில் புண் உண்டாக்கி, வாரக் கணக்கில் நீடிக்கும் காய்ச்சல். அப்போது அதற்கென்று தனி மருந்து எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை.)

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னியோட ஒம்பது நாளு, சார்," என்றேன்.

"அதுக்கு முன்னால தலவலி, பசியில்லாம, அப்டி எதாவது?"

"பஸ்ல வந்த அசதி இருந்தது. படுத்தது போன வாரம் திங்கக்கிழமதான்."

அவர் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னது இதுதான்: "மருந்து இதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல, வாத்தியார். கவனிப்புதான் மருந்து. கெட்டியா எதுவும் குடுக்கக் கூடாது. ஆனா தண்ணியோ, பார்லியோ, குளுக்கோஸோ, ரெண்டு மணிக்கொரு தரம் உள்ள போயிட்டே இருக்கணும். அது நின்னா உடம்பு காஞ்சிடும்."

எனக்கு அது பிடித்த மாதிரி உத்தரவு. ஒரு நோட்டில் கோடு போட்டேன். மணி, கொடுத்தது, அளவு, காய்ச்சல், நாடி. பார்லித் தண்ணீர், வடித்த கஞ்சி, சாத்துக்குடிச் சாறு. இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நான் எழுந்தேன். ஒரு வேளையும் தவறியதில்லை. அந்த நோட்டைப் பார்த்த டாக்டர் இரண்டாம் முறை வந்தபோது, "ஆஸ்பத்திரி நர்ஸ்கூட இப்டி எழுத மாட்டாங்க," என்றார். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

மூன்றாம் வாரம் மோசமாக இருந்தது. அவளுக்குச் சன்னி கண்டது (காய்ச்சல் வேகத்தில் நினைவு தப்பிப் பிதற்றுவது). செத்துப்போன தன் தகப்பனாரிடம் கிணற்றுக் கயிறு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் முப்பதாம் தேதி, என் எண்ணிக்கையில் இருபதாம் நாள், சாமியார் பார்க்க வந்தார். சன்னி தெளிந்திருந்த நேரம். அவள் தன் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனம் கேட்டார். வெளியே வந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"உபதேசியார், அவஸ்தை பூசிடலாமா? எண்ணெய் கொண்டுதான் வந்திருக்கேன். நன்மையும் குடுத்துடலாம்."

எங்கள் மார்க்கத்தைச் சேராதவர்களுக்காகச் சொல்கிறேன். அவஸ்தை பூசுதல் என்பது கடும் நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிக் கொடுக்கும் தேவதிரவிய அனுமானம், அதாவது திருச்சடங்கு. நன்மை என்பது திவ்விய நற்கருணை. அப்ப வடிவில் ஆண்டவரை உட்கொள்வது. நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து அன்னம், தண்ணீர், ஒரு சொட்டும் தொடக்கூடாது. அதற்கு ஒருசந்தி என்று பெயர். சாகும் தறுவாயில் உள்ளவருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் பூசினால் பிழைக்கமாட்டார்கள் என்று ஒரு பயம் உண்டு. அது தவறு என்று ஞான உபதேச வகுப்பில் வருடாவருடம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று சாமியாரிடம் நான் சொன்னது வேறு.

"அவ்வளவு தூரம் போகலீங்க, சாமி. காய்ச்சல் இறங்குற வாரம் இது. பெருநாளைக்கு அவளே ஒருசந்தியா இருந்து நன்மை வாங்குவா."

"சரி. ஒங்களுக்குத் தெரியும்," என்றார்.

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் காய்ச்சல் உண்மையிலேயே இறங்கத் தொடங்கியது. காலையில் தொண்ணூற்றொன்பது வரை வந்தது. கை, கால் குச்சியாகிவிட்டன. கன்னம் ஒட்டி, பல் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் கண் அவள் கண்ணாக இருந்தது. ஒரு நாள் நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் எத்தன தடவ இருமினேன்னும் எழுதிக்குவீங்களா?" என்றாள். அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவள் கேட்ட ஒரே காரியம் பெருநாளைக்கு நன்மை. டிசம்பர் எட்டு, தேவமாதாவின் அமலோற்பவத் திருநாள். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. படுத்த நாளிலிருந்து அவள் நன்மை வாங்கவில்லை. பல்லக்கில் மாதாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் வருவார்கள். "கெடந்த எடத்துலயே ஆண்டவர் வந்தா போதுங்க. எனக்கு எழுந்திரிக்கக்கூட வேணாம்," என்றாள்.

படுக்கையில் உள்ளவர்களுக்குச் சட்டத்தில் ஒரு தயவு உண்டு. ஒரு மாதமாக நோய்ப்பட்டு, சீக்கிரம் எழுவார் என்ற நிச்சயமில்லாத நோயாளி, சாமியாரின் ஆலோசனைப்படி, வாரத்தில் ஒன்றிரண்டு தடவை மருந்தோ திரவமோ உட்கொண்டபின்னும் நன்மை வாங்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாமியார் அலமாரியிலிருந்த விளக்க நூலை இரவல் வாங்கி நானே படித்து, தமிழில் குறித்து வைத்திருந்தேன். பல உபதேசியார்களுக்கு அது தெரியாது.

ஏழாம் தேதி மாலை நாட்குறிப்பை எடுத்து எண்ணினேன். நவம்பர் 11 முதல் நாள். நவம்பர் முப்பதோடு இருபது. டிசம்பர் எட்டோடு இருபத்தெட்டு. விரலை மடக்கி மறுபடியும் எண்ணினேன். இரண்டு நாள் குறைந்தது.

அவளிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா பார்லி குடிச்சிட்டே வாங்கியிருக்கலாம். நாளைக்குன்னா ஒருசந்திதான். முடியுமா?"

"எல்லாரும் இருக்காங்க. நான் இருக்க மாட்டனா?" என்றாள்.

எட்டு மணிக்குப் பூசை. எட்டரைக்கெல்லாம் முடிந்து, ஒன்பதுக்குச் சாமியார் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒன்பது மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டேன். பதினொன்றே முக்காலுக்கு ஒரு டம்ளர் பார்லித் தண்ணீர் நிறையக் கொடுத்தேன். அதன்பின் நோட்டில் இரண்டு மணி, நாலு மணி, ஆறு மணி, எட்டு மணிக் கட்டங்களில் சிறு கோடு இழுத்தேன்.

விடியும்போது நன்றாகத்தான் இருந்தாள். அக்கா அவளுக்கு முகம் துடைத்து, தலை வாரி, துவைத்த வெள்ளைச் சேலையை மேலே போர்த்தினாள். மேசையில் வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். ஏழு மணிக்கு ஒரு தடவை, "தொண்ட ஒணக்கையா இருக்கு," என்றாள். "இன்னும் ரெண்டு மணி நேரந்தான்," என்றேன்.

எட்டு மணி ஆயிற்று. சாமியார் வரவில்லை. அன்று அவருக்கு இரண்டு பூசை. முதல் பூசையைத் தன் ஊரில் முடித்துவிட்டு எங்கள் ஊருக்கு வரவேண்டும். முன்தினம் பெய்த மழையில் ஓடைக்கரையில் வண்டி இறங்கிவிட்டது என்று ஒன்பதரை மணிக்கு ஆள் வந்து சொன்னான். எங்கள் ஊர் ஆட்கள் கயிறும் ஏர்மாடும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

நான் கோவிலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். கோவிலில் சனங்களுக்குச் செபமாலை சொல்லிக்கொடுத்துவிட்டு பத்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா தண்ணீர் டம்ளரோடு கட்டிலருகே நின்றாள்.

"என்னக்கா இது?"

"பாத்தா தெரியல? தண்ணி."

"இன்னும் கொஞ்ச நேரந்தான். இவ்வளவு நேரம் இருந்துட்டு இப்பக் கெடுத்துக்கிறதா?"

"வாயப் பாருடா தம்பி, மாவு பூசின மாதிரி வெளுத்துக் கெடக்கு. சேசுநாதர் என்ன, ஒரு மொடக்குத் தண்ணிக்குப் பொறாமப்படுறவரா?"

"சட்டம் அப்படி. நானா வச்சேன்?"

"ஒனக்குத்தான் எல்லாச் சட்டமும் தெரியுமே. எதாவது ஒண்ண எடுத்து வுடேன்."

சவரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். "சண்ட போடாதீங்க. பள்ளிக்கூடத்துல மணியடிச்சுப் புள்ளைங்கள வுடுவீங்கல்ல, அந்த மாதிரி எனக்கும் ஒரு மணியடிங்க. அப்பக் குடிக்கிறேன்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

நான் அக்கா கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். பிடுங்கவில்லை, வாங்கினேன். ஆனால் அவள் கொடுக்கவும் இல்லை. அதை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். வெளியே கொண்டுபோய் வைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரமும் அவள் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த டம்ளர் தெரிந்தது.

சாமியார் வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். இடுப்புவரை சேறு. பூசை தொடங்கிய பிறகு எதையும் அவசரப்படுத்த முடியாது. பதினொன்றே முக்காலுக்கு, குடை பிடித்து, மணியடித்துக்கொண்டு நற்கருணையோடு வீட்டுக்கு வந்தார். தெருவில் சனங்கள் முழந்தாளிட்டார்கள்.

சவரி கண்ணைத் திறந்து வாயையும் திறந்தாள். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார். அவள் வாயை மூடினாள். விழுங்கவில்லை. நெற்றி சுருங்கியது. மறுபடி வாயைத் திறந்தபோது, அப்பம் உலர்ந்த நாக்கில் அப்படியே ஒட்டியிருந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வந்தது. உடம்பில் மிச்சமிருந்த தண்ணீர் அதுதான் போலிருந்தது.

"தண்ணி. சீக்கிரம்," என்றார் சாமியார்.

ஜன்னல் ஓரத்து டம்ளரை அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். அவர் கரண்டியால் மூன்று தடவை ஊற்றினார். மூன்றாவது கரண்டியில் உள்ளே இறங்கியது. அவர் செபத்தை முடித்தார். பிறகு குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க?"

"ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு, சாமி," என்றேன். நான் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"இருபத்தெட்டு. ரெண்டு நாள் கொறையுது. இல்லாட்டி..."

அவர் நிமிர்ந்தார். அவரும் நடுச்சாமத்திலிருந்து தண்ணீர் குடிக்காதவர். உதடு வெடித்திருந்தது. குரல் எழும்பவில்லை.

"ஒரு மாசம்னா முப்பது நாள எண்ணணும்னு யார் சொன்னது, உபதேசியார்? இருபத்தாறு, இருபத்தேழு நாளானாலே மாசந்தான். புஸ்தகத்துல அடிக்குறிப்புல போட்டிருக்கு."

அடிக்குறிப்புகள் லத்தீனில் இருந்தன. எனக்கு லத்தீன் படிக்கத் தெரியாது. பூசைக்குப் பதில் சொல்ல மட்டும் தெரியும்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்லித் தண்ணீர் கொடுத்தோம். வாந்தியெடுத்தாள். மூன்று மணிக்குக் கை, கால் சில்லிட்டது. நாடி நூலாக ஓடியது. சாமியார் தன் வண்டியிலேயே எங்களை ஏற்றிவிட்டார். ஏறுமுன், நான் எதுவும் சொல்வதற்குள், எண்ணெய் பூசினார். இந்தமுறை என்னைக் கேட்கவில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்கள். (உடம்பு காய்ந்தவருக்கு, வாய்வழி நிற்காதபோது, தோலுக்கடியில் நீரைச் செலுத்துவது.) தொடை வீங்கி, நீர் மெல்ல உள்ளே வடிந்தது. எங்கள் டாக்டரும் வந்து கூட நின்றார். அவர் கேட்டதும் நோட்டைக் காட்டினேன். அவர் விரல் அந்தக் கோடுகளில் நின்றது.

"இதென்ன? எழுத விட்டுப்போச்சா?"

"இல்ல, சார். குடுக்கல. நன்மை வாங்குறதுக்காக." அவர் இந்து. விளக்கிச் சொன்னேன்.

அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கூடவே கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருப்பனே, வாத்தியார். ஒங்க சாமிட்ட காட்டியிருக்கலாம்."

மறுநாள், திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குமேல், ஆஸ்பத்திரி வராந்தாவை ஒட்டிய கட்டிலில் சவரி இறந்துபோனாள். முன்தினம் மாலைக்குப் பிறகு பேசவில்லை. அக்கா ஒரு துணியை நனைத்து உதட்டில் வைத்தபோதெல்லாம் அதைக் குழந்தை மாதிரிச் சப்பினாள். அது நின்றதும் அக்கா எனக்கு முன்னால் தெரிந்துகொண்டாள்.

டாக்டரிடம் கேட்டேன். கேட்காமல் என்னால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. "அதனாலதானா, சார்?"

"நாலாவது வாரத்துல இருதயம் தளந்துபோய் இப்டி ஆகுறது உண்டு. தண்ணி குடிச்சுட்டே இருந்தவங்களுக்கும் ஆயிருக்கு. அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது." ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். "அதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து நாட்குறிப்பை விரித்தேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை. நவம்பர் ஐந்தில் பஸ் நேரங்களைக் கண்டேன். தலை கனக்கிறது என்று அவள் சொன்னது அங்கே ஒரு வரிகூட இல்லை. அந்த நாளிலிருந்து எண்ணியிருந்தால், பெருநாளன்று முப்பத்துநான்காம் நாள். நாள் கணக்கைச் சாமியாரிடம் கேட்க வேண்டியதில்லை, அடிக்குறிப்பு தெரிய வேண்டியதில்லை. என் மனைவி சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் போதும்.

ஆகவே, உங்கள் வீட்டில் காய்ச்சல் படுக்கை இருந்தால் மூன்று காரியம் சொல்கிறேன். நோயை அவர் படுத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். சோற்றைத் தள்ளிவைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். சட்டம் தெரிந்தவராக இருந்தால், அதனாலேயே இன்னொருவரைக் கேளுங்கள். எண்ணெய் பூசுவதற்குப் பயப்படாதீர்கள். நான் பயந்ததால் அவளுக்குத் தண்ணீரோடு கிடைத்திருக்க வேண்டிய ஆண்டவர் தண்ணீரில்லாமல் கிடைத்தார். அவள் சாகிறாள் என்று ஒப்புக்கொண்டிருந்தால் குடித்திருப்பாள். பிழைப்பாள் என்ற என் நம்பிக்கைதான் டம்ளரை வாங்கி வைத்தது.

சனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. ஞான உபதேசத்தில் அன்றைய பாடம் இரக்கத்தின் கிரியைகள். பசித்தவருக்குப் போசனம், தாகமுள்ளவருக்குத் தண்ணீர், என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். வழக்கமாக முதல் வரியை நான் எடுத்துக்கொடுப்பேன். அன்று எடுத்துக்கொடுக்கவில்லை. அவர்களே சொல்லி முடித்தார்கள்.

ஆண்டவரைப் பின்செல்வது என்றால் அவர் வைத்த அடியில் அடிவைத்து நடப்பது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். நான் அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். வழி எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் அவர் எங்கே நின்றார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பத்து மணிக்கு அவர் அக்கா பக்கம் நின்றிருப்பார் என்று இப்போது நம்புகிறேன். இந்த நம்பிக்கை எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆனால் இதை விட்டால் எனக்கு வேறு விசுவாசம் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் ஐந்து பரலோக மந்திரம் சொல்லும்படி அபராதம் வைத்தார்.

"இவ்வளவுதானா, சாமி?"

"இவ்வளவுதான். அதுக்கு மேல வேணும்னா அது ஒங்க கணக்கு, ஆண்டவர் கணக்கு இல்ல." பிறகு, "அன்னிக்கு வண்டிய வுட்டுட்டு நான் நடந்து வந்திருக்கலாம்," என்றார். அதற்குமுன் அந்த எண்ணம் எனக்கு வந்ததில்லை. எங்கள் இருவருக்கும் கடக்க முடியாதது அந்த ஒரே நாள்தான்.

அக்கா ஒரு வருடம் என்னோடு நேராகப் பேசவில்லை. சோறு மட்டும் கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள் காய்ச்சலாகக் கிடந்தேன். தண்ணீர் கொண்டுவந்து தலையைத் தூக்கிப் பிடித்து, "குடிடா. இதுக்குச் சட்டம் ஏதும் வச்சிருக்கியா?" என்றாள். அன்று முதல் பேசினாள்.

1953-ஆம் வருடம், ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் ஒரு ஞாயிறு, சாமியார் பிரசங்கத்துக்கு முன் ஒரு காகிதத்தை வாசித்தார். ரோமாபுரியிலுள்ள பரிசுத்த பாப்பு அவர்களின் கட்டளைப்படி, இனி நன்மை வாங்குகிறவர்கள் தண்ணீர் குடிப்பது ஒருசந்தியை முறிக்காது. பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய நிம்மதி. யாரோ, "நல்ல வேள," என்றார்கள். சாமியார் காகிதத்தை மடித்தார். என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு அவருக்கு நன்றி.

ஆறு வருடமும் சில மாதமும் என் உடம்பு வேறு மாதிரி ஆகியிருந்தது. நடுச்சாமத்தில், மணி அடிக்காமலே விழித்துக்கொள்வேன். பகலில் இல்லாத தாகம் அப்போது வரும். பூசை இல்லாத நாட்களிலும் குடிக்கமாட்டேன். விடியட்டும் என்று கிடப்பேன். பக்தி என்று இதைச் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கு நாள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. எனக்கு விடிகிற ஒவ்வொரு காலையும் அந்த ஒரு காலையின் மேலேயே வந்து படிகிறது.

அந்தக் காகிதம் வாசித்ததற்கு அடுத்த ஞாயிறு காலை, கோவிலுக்குப் புறப்படுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நின்றுகொண்டே, முழுவதும் குடித்தேன். தொண்டையிலிருந்து நெஞ்சு வழியாக அது இறங்குவது தெரிந்தது. பூசையில் மற்றவர்களோடு போய் முழந்தாளிட்டேன். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார்.

நாக்கு ஈரமாக இருந்தது. எங்கும் ஒட்டாமல், ஒரு நொடியில் கரைந்து இறங்கிவிட்டது. இவ்வளவு எளிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.